கீழ் பெர்த்துக்கு நாலு மாசம் குறைவு

2024 டிசம்பர் 7, சனி. சென்ட்ரல்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சரியாக ஒரு வாரம். அயனாவரத்தில் சித்தி வீட்டு வாசலில் சேறு இன்னும் காயவில்லை. ஆட்டோ அதில் இறங்கித் திணறியபோது, "காசிக்குப் போறதுக்குள்ள இங்கயே முழுக்காட்டிடுவான் போல" என்றாள் சித்தி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது. என் எடை 118 கிலோ. "விமானத்தில் போயேன்" என்றார் வீட்டுக்காரர். போன தடவை விமானத்தில் எனக்கு பெல்ட் எட்டவில்லை. கூடுதல் பெல்ட் கேட்டேன். பணிப்பெண் அதைக் கையில் தொங்கவிட்டபடி முன்னாலிருந்து என் வரிசை வரைக்கும் நடந்து வந்தார். அத்தனை தலையும் திரும்பியது. ரயிலில் பெல்ட் கிடையாது. அது ஒன்றே போதும் என்று மூன்றடுக்கு ஏசியில் போட்டேன்.

வந்தது என்ன? சித்திக்கு 67 வயது, கீழ் பெர்த். எனக்கு அவள் தலைக்கு நேர் மேலே நடு பெர்த். 45 வயதான பெண்கள், 60 வயதான ஆண்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கெல்லாம் கீழ் பெர்த்தில் ஒதுக்கீடு உண்டு. எனக்கு 44 முடிந்து எட்டு மாதம். டி.டி.ஆர். வந்ததும் கெஞ்சிப் பார்த்தேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நாலு மாசம் கழிச்சு வாங்க மேடம், நானே போட்டுத் தரேன்." கிண்டலாகத் தோன்றவில்லை. காலியாக இருந்தால் சொல்வதாகவும் சொன்னார். காலி எதுவும் இல்லை, வண்டி முழுக்கக் காசி போகும் தாத்தா பாட்டிகள்.

எதிர்க் கீழ் பெர்த்துக்காரர் நாக்பூர் வரை போகும் வியாபாரி. இரவு பத்து மணிக்குத்தான் படுக்கை, அதுவரை அது எல்லோரும் உட்காரும் இடம் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. அவர் ஏழரைக்கே என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வரும் தூக்கம் அது. எனக்கு நன்றாகவே தெரியும்.

சித்திக்கு இதிலெல்லாம் கவலையே இல்லை. சித்தப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கடைசி வரை ஃபர்னிஷிங் பக்கம்தான். "ஏறிப் படுடி. உங்க சித்தப்பா பூட்டின பெர்த்து, யானை படுத்தாலும் தாங்கும்." இது அவர் காலத்துப் பெட்டி இல்லை சித்தி, ஜெர்மன் மாதிரியில் வந்த புதுப் பெட்டி, பழைய மாதிரி செய்வதை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள் என்றேன். நம்பவில்லை. எழுந்து போய்ப் பெட்டிக் கோடியில் இருந்த தகட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு வந்தாள். முகம் தொங்கிவிட்டது.

"கபூர்தலாவாம். பஞ்சாப்ல செஞ்ச பொட்டி."

அதற்கப்புறம் என்னை ஏறச் சொல்லவில்லை.

எனக்கும் ஏற மனமில்லை. இந்த வருஷம் ஜூனில் தெலங்கானா வழியே போய்க்கொண்டிருந்த ஒரு ரயிலில் மேலிருந்த பெர்த் விழுந்து, கீழே படுத்திருந்தவர் இறந்துபோன செய்தி மனதிலேயே இருக்கிறது. பெர்த்தில் பழுதில்லை, சங்கிலியைச் சரியாக மாட்டவில்லை என்று ரயில்வே தரப்பில் சொன்னார்கள். மாட்டினார்களோ இல்லையோ, என் கீழே படுக்கப் போவது சித்தி.

பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் ஒரு பையன், வேலூர்ப் பக்கம், ஜபல்பூரில் ராணுவத்தில் இருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அக்கா, உங்களால மேல ஏற முடியாதுல்ல?"

"முடியாதுப்பா."

"அப்ப என் எடத்துல படுங்க. நான் மேல போறேன்."

அவ்வளவுதான். இந்தக் கேள்வியை ஒருவர் நேராகக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தேன். வழக்கமாகக் கேட்க மாட்டார்கள், பார்ப்பார்கள்.

இட்லி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, ஆளுக்கு நாலு. அவனுக்கு ஆறு.

டிசம்பர் 8, ஞாயிறு. தெலங்கானாவிலிருந்து நர்மதை வரை

பக்கவாட்டுப் பெர்த் என் சாணுக்கு மூன்று சாண் கூட முழுசாக இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பினால் முதுகு வழியில் நிற்கும். வழிப் பக்கம் திரும்பினால் வயிறு நிற்கும். விஜயவாடாவில் ஏறியவர்களின் பெட்டி ஒவ்வொன்றும் என்னை விசாரித்துவிட்டுப் போனது. விடியற்காலை டீக்காரரின் தூக்கு முழங்கையில் சுட்டது. அவர் பதறிப்போய் ஒரு டீயை இலவசமாகக் கொடுத்தார். பத்து ரூபாய் டீ, ஏலக்காய் நிஜமாகவே இருந்தது.

மஞ்சேரியலுக்கு முன் கோதாவரி. சித்தி கைப்பையைத் துழாவிக் காசு எடுத்தாள். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. காசைக் கண்ணாடியில் ஒற்றிக் கண்ணில் ஒற்றி மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள். "வரவு வெச்சுக்கோ தாயே, திரும்பி வரப்ப தரேன்."

கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தை. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. ஆகவே முதலில் நான் உள்ளே போய்த் தொட்டியை ஒட்டி நிற்க வேண்டும், அப்புறம் கதவு என்னைக் கடந்து போக வேண்டும், அப்புறம் நான் என் இடத்துக்கு வர வேண்டும். வண்டி வளைவில் போகும்போது இதைச் செய்து பாருங்கள். நேற்று மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் செய்வதுதான், டாக்டரிடம் மட்டும் சொல்ல மாட்டோம்.

பல்லார்ஷா தாண்டிக் காலை உணவு. அடுத்த தடுப்பிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை வந்து என் முழங்காலில் கை வைத்தாள். "ஆன்ட்டி, உள்ள பாப்பா இருக்கா?" அவள் அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினாள். "இல்லடா, நாலு இட்லி இருக்கு" என்றேன். "நானும் நாலு" என்றாள் அவள். அம்மாவைத்தான் அரைமணி நேரம் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நாக்பூரில் வியாபாரி இறங்கினார். அந்தக் கீழ் பெர்த்துக்கு ஒல்லியான ஒரு அம்மா ஏறினார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, கையில் வலைப்பை நிறைய ஆரஞ்சு, ஒரு எவர்சில்வர் டப்பா. சத்னா போகிறாராம். நான் வணக்கம் சொல்லிவிட்டுக் கழிவறைப் போராட்டத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அவருடைய பெர்த்தில் விரிப்பு போட்டு, இரண்டு தலையணை அடுக்கி, கம்பளியை மடித்து வைத்திருந்தார். என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். இதற்கு மேல் அசையக் கூடாது என்றார். ராத்திரியும் நான்தான் அங்கே, அவர் நடுவில் ஏறிக்கொள்வார். சித்தி பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் இந்திப் பிரச்சார சபாவில் மத்யமா பரீட்சை வரைதான். ஆகவே விஷயம் விளங்க இரண்டு நிமிஷம் ஆனது. நான் இல்லாதபோது அந்த அம்மா சித்தியிடம் ஏதோ கேட்டிருக்கிறார். சித்திக்கு இந்தியில் தெரிந்தது "ஹாங் ஜி" மட்டும், அதைச் சொல்லியிருக்கிறாள். அடுத்து விரலை விரித்து எத்தனை என்று கேட்டிருக்கிறார். எத்தனை நாள் பயணம் என்றுதானே கேட்பார்கள்? சித்தி எட்டு விரலைக் காட்டியிருக்கிறாள்.

எனக்கு எட்டாம் மாதம்.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தனக்கும் அப்படித்தான், கல்யாணமாகிப் பல வருஷம் எதுவும் இல்லை, 41 வயதில் மகன் பிறந்தான் என்றார். ஊரெல்லாம் சிரித்ததாம். "நீ வெட்கப்படாதே, நன்றாகச் சாப்பிடு" என்றார். டப்பாவைத் திறந்தார். கோந்து லட்டு. நெய்யில் பொரித்த கோந்து, அதாவது மரப்பிசின், கோதுமை மாவு, வெல்லம், பாதாம், சுக்கு வாசனை. அந்தப் பக்கம் குளிர்காலத்திலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் செய்வார்களாம்.

சாப்பிட்டேன். இரண்டு.

வெளியிடத்தில் என் கையில் இனிப்பு இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களின் கண் முதலில் லட்டுக்கும் அப்புறம் எனக்கும் போகும். கல்யாண வீட்டில் பாயசத்தை நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவது அதற்காகத்தான். இந்த அம்மா மூன்றாவதைக் கையில் வைத்து, நான் விழுங்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் உடம்பு இன்னும் பெருக்கட்டும் என்று விரும்பிய ஒரே ஆள். எப்படிச் சொல்வேன்?

எனக்கும் வீட்டுக்காரருக்கும் அந்தப் பேச்சு முடிந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மூன்று ஆஸ்பத்திரி, ஒரு சேமிப்பு, அப்புறம் நிறுத்திவிட்டோம். அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

இட்டார்சி தாண்டி இருட்டியது. ஜபல்பூரில் பையன் இறங்கினான். "உடம்பப் பாத்துக்கோங்க அக்கா" என்றான். அவன் முழு விஷயத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான் என்பது அவன் சிரிப்பில் தெரிந்தது. காட்டிக்கொடுக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள். காசி

இரவு பன்னிரண்டரைக்குச் சத்னா. நான் தூங்குவதாக நினைத்து அந்த அம்மா சத்தமில்லாமல் இறங்கினார். எட்டு லட்டைச் செய்தித்தாளில் கட்டி என் தலைமாட்டில் வைத்தார். ஒரு துண்டுக் காகிதமும் இருந்தது. கைப்பேசி எண், கீழே இந்தியில் ஒரு வரி: குழந்தை பிறந்ததும் போட்டோ அனுப்பு. என் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார். நான் கண்ணைத் திறக்கவில்லை. முதல் நாள் இரவு வியாபாரி போட்ட அதே தூக்கம்.

அப்புறம் உண்மையாகவே நன்றாகத் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அகலமான பெர்த், சுவரில் முதுகு.

காலையில் சித்தியிடம் எட்டு விரலின் பலனைச் சொன்னேன். பெர்த் குலுங்கச் சிரித்தாள். அப்புறம் திடீரென்று நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வெளியே பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாராணசி வரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 11, புதன். காசி

இரண்டு நாளை ஒன்றாக எழுதுகிறேன், கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காசியின் சந்துகள் என்னை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. கேதார் கட்டத்துப் படித்துறைக்குப் போகும் வழியில் நானும் ஒரு மாடும் நேருக்கு நேர் சந்தித்தோம். பின்னால் சித்தி, அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். மாட்டுக்குப் பின்னாலும் பத்துப் பேர். யார் பின்வாங்குவது? மாடு என்னைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு ஒரு வீட்டுத் திண்ணைப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் மகாதேவா என்றார்கள். மாட்டையா என்னையா என்று கேட்கவில்லை.

சைக்கிள் ரிக்ஷாவில் ஏற எனக்கு எப்போதும் மனம் ஒப்பாது. கோதௌலியாவில் ஒரு பெரியவர் விடவில்லை. உட்கார் மகளே, பழகியதுதான் என்றார். அறுபது ரூபாய். பாதி தூரத்தில் நான் இறங்கி நடக்கப் பார்த்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உன் எடை என் வேலை, உனக்கென்ன என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நூறு கொடுத்தேன். நாற்பதை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

காலையில் மலையோ சாப்பிட்டோம். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் பால் நுரை, குங்குமப்பூ நிறம், மண் குவளையில் ஐம்பது ரூபாய். வாயில் வைத்தால் எதுவுமே இல்லை, வாசனை மட்டும் நிற்கிறது. சித்தி குவளையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அம்பது ரூபாய்க்குக் காத்து விக்கிறான்" என்றாள். மறுநாளும் அங்கேதான் போனாள்.

இன்று பாரதி பிறந்தநாள். அனுமன் கட்டத்தில் அவர் இளவயதில் சில வருஷம் தங்கிப் படித்த அத்தை வீட்டைப் போய்ப் பார்த்தோம். 2022-ல் இதே டிசம்பர் 11 அன்று அங்கே ஓர் அறையை நினைவில்லமாகத் திறந்தார்கள். சித்தி வாசலில் நின்று நாலு வரி பாடினாள், சுருதி சேரவில்லை. வீட்டுப் படி குறுகல். நான் பக்கவாட்டில் ஏறினேன்.

டிசம்பர் 12, வியாழன். வாராணசி ஸ்டேஷன்

இரவு எட்டு மணி வண்டி பதினொன்றுக்கு. பனி. நடைமேடை பெஞ்சில் இரும்புக் கைப்பிடி வைத்து ஆளுக்கு இத்தனை என்று பிரித்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குள் நான் அடங்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்தேன், பெட்டிச் சக்கரம் போனது.

பக்கத்தில் நின்ற தெலுங்குத் தம்பதி தங்கள் ஜமுக்காளத்தைப் பாதி விரித்து உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருப்பதற்கு அவர்கள் இரண்டு பேரும் சித்தியும் தேவைப்பட்டார்கள். மூன்று மொழியில் ஒன்று இரண்டு மூன்று சொன்னோம்.

வண்டி வந்ததும் சித்தி இடத்தைத் தேடவில்லை, தகட்டைத் தேடினாள்.

"ஐ.சி.எஃப்.! பெரம்பூருடி!"

எனக்கு மறுபடி நடு பெர்த்தா? ஆமாம். ஆனால் பாதி வண்டி காலி. சத்னா வரை எதிர்க் கீழ் பெர்த்தில் படுத்துக்கொள்ள டி.டி.ஆர். விட்டார்.

டிசம்பர் 13, வெள்ளி. மறுபடி வண்டியில்

விடியற்காலை ஐந்து மணி, சத்னா. கைப்பேசியில் அந்த எண்ணைப் போட்டு, "அக்கா, நான் கர்ப்பமாக இல்லை" என்று என் மத்யமா இந்தியில் அடித்தேன். படித்தேன். அழித்தேன். "லட்டு மிகவும் நன்றாக இருந்தது" என்று அடித்தேன். அதையும் அழித்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பெர்த்துக்கு உரியவர் வந்து நின்றார், பகலெல்லாம் சித்தி காலடியில் உட்கார்ந்து வந்தேன்.

காலண்டர் பார்க்காமல் டிக்கெட் போட்டதற்கு இன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்று திருக்கார்த்திகை. "கல்யாணமான நாள்லேருந்து வெளக்கேத்தாம இருந்ததில்ல." முதியோர் சலுகை 2020-லேயே போனது, பெண்களுக்குப் பாதி டிக்கெட்டாக இருந்தது, அதையும் சேர்த்து என் தலையில் போட்டாள்.

பாண்டுர்ணா பக்கம் ஆரஞ்சு ஏறியது, ஆறு பழம் ஐம்பது ரூபாய். இருட்டியதும் சித்தி ஒரு ஆரஞ்சைப் பாதியாக நறுக்கிச் சுளையை எடுத்துவிட்டுத் தோலை அகல் மாதிரி வைத்தாள். ரயிலில் நெருப்பு ஆகாது. என் கைப்பேசி டார்ச்சைப் போட்டு அதன் மேல் தோலைக் கவிழ்த்தாள். ஆரஞ்சு வெளிச்சம், குட்டியாக. எதிரிலிருந்த மாணவன் அவனாகவே தன் கைப்பேசியையும் எடுத்து வைத்தான். அவனுக்கும் ஒரு தோல் கொடுத்தோம். பொரி உருண்டைக்குப் பதில் கோந்து லட்டு. மிச்சம் மூன்று.

நாக்பூரில் கூட்டம் ஏறி வண்டி நிறைந்துவிட்டது. மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. சித்தி நடு பெர்த்தைத் தூக்கினாள். சங்கிலியை மாட்டினாள். கொக்கி ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவினாள். அப்புறம் பெர்த்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டு இரண்டு தடவை தொங்கினாள். சித்தப்பா ஒவ்வொரு பயணத்திலும் அப்படிச் செய்வாராம்.

"ஏறு."

"உன் மேல விழுந்தா?"

"விழாது. ஏறு."

ஏணியில் மூன்று படி. மாணவன் கண்ணை மூடிக்கொண்டு முதுகில் கை கொடுத்தான். ஏறிப் படுத்த பிறகு எனக்கும் மேல் பெர்த்துக்கும் நடுவே ஒரு நோட்டுப் புத்தகம் நுழையும். திரும்ப முடியாது. பெர்த் ஒரு முறை கிரீச் என்றது, அவ்வளவுதான்.

விளக்கணைந்து பத்து நிமிஷம் கழித்து அடியிலிருந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பல்லார்ஷாவுக்கும் வாரங்கலுக்கும் நடுவே மறுபடி தட்டினாள். விஜயவாடாவிலும். விழாது என்று எனக்குச் சொன்னாளே ஒழிய, இரவு முழுக்கத் தூங்கவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 14, சனி. சென்னை

மதியம் ஒரு மணி, மேகமூட்டம், புழுக்கம். ஆட்டோக்காரர் 350 கேட்டார். சித்தி 200 என்றாள். என்னைப் பார்த்துவிட்டு "லோடு ஜாஸ்திம்மா" என்றார். "பெட்டியா, எம் பொண்ணா? சொல்லு" என்றாள். 220-க்கு வந்தார்.

வீட்டில் செய்தித்தாள் பொட்டலத்தை வீட்டுக்காரர்தான் பிரித்தார். ஒன்றை வாயில் போட்டார்.

"நல்லாருக்கே. யார் குடுத்தா?"

"சத்னாவுல ஒரு அக்கா."

"எதுக்கு?"

சொன்னேன். எட்டு விரலிலிருந்து துண்டுக் காகிதம் வரை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, மற்றதைத் தான் எடுத்துக்கொண்டார்.